குழாயில் தண்ணீர் வந்த காலை

அந்தச் சட்டியை வில்லியனூரில் வாங்கியபோது விரலால் சுண்டிப் பார்த்தது நான்தான். விரிசல் இருந்தால் சத்தம் அடங்கி வரும். இது கணீரென்றது. அண்ணன் அதைப் பழைய சாக்கில் சுற்றி, பிக்கப் வண்டியின் பின்னால் ஸ்டெப்னிக்கும் கயிற்றுச் சுருளுக்கும் நடுவில் இடுக்கி வைத்தார்.

"மவளுக்குப்பா," என்றார். "தை கடைசியில நாள் சொல்லிக்கிறாங்க. அப்போ வந்து எவன் அலையறது?"

பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் கட்டிலுக்குக் கீழே கரித்தணல் போட்ட சட்டி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பச்சை உடம்பு காய வேண்டும், குழந்தைக்குச் சளி பிடிக்கக் கூடாது என்பார்கள். என் தம்பி பிறந்தபோது அந்தத் தணலில் சாம்பிராணி தூவுகிற வேலை எனக்கு. அது ஆளைக் கொல்லும் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் எங்கள் தெருவே சிரித்திருக்கும்.

அண்ணன் என்று சொல்கிறேனே தவிர அவர் எனக்கு உறவில்லை. அவர் ஏம்பலம், நான் உறுவையாறு. இரண்டு பேர் வீட்டிலும் அப்பாக்கள் கரும்பு வெட்டினவர்கள். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்று, டிராக்டர் ஓட்டி, லாரி ஓட்டி, கடைசியில் சினிமாக்காரர்கள் வாடகைக்கு எடுக்கும் கேரவனுக்கு ஓட்டுநராக வந்து சேர்ந்தார். நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிகல் முடித்தவன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள். கரண்ட் பில், ரேஷன் கார்டு, தாலுகா ஆபீஸ் கடிதம் என்று எது வந்தாலும் என் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் படித்துச் சொல்வதுதான் அதில் எழுதியிருப்பது. அந்தப் பழக்கம் எனக்குள் எவ்வளவு ஊறியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் கேரவன் பஸ் மாதிரி ஒரே வண்டி இல்லை. பிக்கப்புக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகும் சின்ன வீடு. உள்ளே ஒரு கட்டில், விளக்கு வைத்த கண்ணாடி, கழிப்பறை, ஒருவர் நின்று குளிக்கும் அளவுக்கு ஒரு மூலை. நடிக்க வருகிறவர்கள் அதில்தான் உடை மாற்றுவார்கள், ஓய்வெடுப்பார்கள். அண்ணனுக்கு வண்டி பொறுப்பு. எனக்குத் தண்ணீர் பொறுப்பு.

தண்ணீர் என்றால் லேசில்லை. தரைக்கு அடியில் நல்ல தண்ணீர் டேங்க். கட்டிலுக்குக் கீழே மரப்பெட்டிக்குள் பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப். யாராவது குழாயைத் திறந்தால் அது டக டக என்று தானாக ஓடும், மூடினால் நின்றுவிடும். அங்கிருந்து விரல் தடிமன் பிளாஸ்டிக் குழாய்கள் வண்டியின் வயிற்றுக்கு அடியில் ஓடிக் கீசருக்கும் குளியலுக்கும் போகும். அழுக்குத் தண்ணீருக்குத் தனி டேங்க். பாகூர் ஏரிக்கரையில் படப்பிடிப்பு நடந்தால் காலையில் நிரப்பி, சாயங்காலம் காலி செய்தால் முடிந்தது. வெயிலில் டேங்க் சுட்டுப்போகிறது என்று அதைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டுவதுதான் நான் அதுவரை செய்த பெரிய பராமரிப்பு.

மார்கழியின் நடுவில் எங்களை ஊட்டிக்கும் மேலே போகச் சொன்னார்கள். புல்வெளியும் காடும் சேர்கிற ஓர் இடம். ஆறு நாள் வேலை. கிளம்பும்போதே முதலாளி அண்ணனை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னதை நானும் கேட்டேன். போன படப்பிடிப்பில் பம்ப் எரிந்துபோய், அன்றைய வேலை அரை நாள் நின்றது. இன்னொரு முறை தண்ணீரால் வேலை நின்றால் வண்டிக்கு வேறு டிரைவர் பார்த்துக்கொள்கிறேன் என்றார் முதலாளி. அண்ணன் தலையை ஆட்டினார். மகளின் பிரசவத்துக்கு ஒன்றரை மாதமே இருந்த நேரம்.

வண்டி ஏறும்போது என்னிடம் சொன்னார்: "டிப்ளமோ, உன்ன நம்பித்தாம்பா போறேன்."

என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். கேலி பாதி, பெருமை பாதி.

*

மேலே போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் வானத்தில் ஒரு மேகம் இல்லை. எங்கள் ஊர்க் கண்ணுக்கு அது நல்ல வானம். அந்த இடத்தைக் காவல் காக்கும் மலைக்காரர் மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மூட்டமா இருந்தா நல்லது. இப்படித் தெளிஞ்சு இருந்தா பனி கொட்டும்," என்றார். புல்லைக் காலால் தேய்த்துக் காட்டினார். காலையில் அது வெள்ளையாக இருந்திருக்கிறது. வெயில் பட்டுக் கருகியிருந்தது, நெருப்பு வைத்த மாதிரி.

மறுநாள் காலை நான் குழாயைத் திறந்தேன். பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. தண்ணீர் வரவில்லை. சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஓடிப்போய் பேட்டரி வயரைப் பிடுங்கினேன்.

அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தார். "வாடா, வந்து பாரு. இன்னாடா இது, மீனு பொட்டியில இருக்க வேண்டியது குழாயில இருக்குது."

குழாய்க்குள் தண்ணீர் வெள்ளையாக நின்றிருந்தது. அதுவரை நான் ஐஸைப் பார்த்ததெல்லாம் பிள்ளைச்சாவடிப் பக்கம் மீன் ஏற்றும் வண்டிகளில்தான். அது யாரும் செய்யாமல், ஓர் இரவில், எங்கள் வண்டிக்கு அடியில் தானாக உண்டாகியிருந்தது எனக்குப் பயமாக இருந்தது. யாரோ வந்து போன மாதிரி.

நான் தடுப்பதற்குள் அண்ணன் கெட்டிலில் கொதித்த தண்ணீரைக் கொண்டுவந்து குழாய் மேல் ஊற்றினார். டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பத்து மணிக்கு வெயில் ஏறி ஐஸ் உருகியபோதுதான் தெரிந்தது. குழாய் வளைகிற முனையில் நீளமாக ஒரு கீறல். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மாற்று முனையும் பசையும் என் பெட்டியில் இருந்ததால் தப்பித்தோம். அன்று நடிக்க வேண்டிய நடிகையம்மா வந்து சேர மதியம் ஆனதால் யாருக்கும் தெரியவில்லை.

"அடுத்த தபா உப்பு போட்டுடலாம்பா டேங்க்ல," என்றார் அண்ணன், கைகளைத் தேய்த்துக்கொண்டே. "கடலு உறையுதா? நீ பாத்துக்கிறியா?"

"அந்தத் தண்ணியில அவங்க பல்லு வெளக்கணும்ண்ணே."

"வெளக்கட்டுமே. டூத்பேஸ்டுலயே உப்பு இருக்குதான்னு கேட்டுக்கினு வராங்கோ."

இரண்டு பேரும் சிரித்தோம். எங்கள் மூச்சு வாயிலிருந்து புகையாக வெளியே வந்தது.

அன்று மதியம் கேரவனோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். நூறு பக்கத்துக்கு மேல். குளிர்காலம் என்று ஒரு பகுதி இருந்தது. ராத்திரி படுக்கும் முன் டேங்கையும் குழாய்களையும் முழுக்க வடித்துவிட வேண்டும், குழாய்களைத் திறந்தே வைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. வடிக்க முடியாவிட்டால் வண்டியின் உட்புறத்தைச் சூடாக வைக்க வேண்டும், பம்ப் பெட்டியின் கதவைத் திறந்து வைக்க வேண்டும், சூடு வெளியேறும் வழிகளை அடைக்க வேண்டும். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல அண்ணன் தலையை ஆட்டிக் கேட்டார். தாலுகா ஆபீஸ் கடிதத்தை என் அப்பா கேட்கிற மாதிரியே.

முதல் பக்கங்களை நான் படிக்கவில்லை. எந்த இயந்திரத்தின் புத்தகத்திலும் முதல் பக்கங்கள் எச்சரிக்கைகள்தான். ஈரக் கையால் தொடாதே, குழந்தைகளிடம் கொடுக்காதே. அவற்றை யார் படிக்கிறார்கள். நான் நேராகத் தேவையான பக்கத்துக்குப் போனேன்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் எல்லாவற்றையும் வடித்தோம். காலையில் காவல்காரரின் கிணற்றடியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து நிரப்பினோம். விரல்கள் மரத்துப்போகும். ஆனால் தண்ணீர் வந்தது. மூன்று நாள் அப்படி ஓடியது.

*

ஐந்தாம் நாள் சாயங்காலம் படப்பிடிப்பின் மேனேஜர் வந்தார். மறுநாள் சூரியன் ஏறும் வெளிச்சத்தில் காட்சி எடுக்க வேண்டுமாம். அந்த அம்மா ஐந்தரைக்கே கேரவனுக்கு வந்துவிடுவார்.

"அஞ்சரைக்குச் சுடுதண்ணி வரணும். சும்மா தண்ணி இல்ல, சுடுதண்ணி. புரியுதா டிரைவர்?"

"சார், நைட்டு தண்ணிய வடிச்சாவணும். இல்லன்னா உறைஞ்சிடும். காலையில ரொப்பறதுக்கு ஒரு மணி நேரம்..."

"உங்க கதையெல்லாம் எனக்கு எதுக்குயா? போன தடவ பாண்டியில எங்க ஆளுங்களுக்கு என்ன பண்ணீங்கன்னு கேள்விப்பட்டேன். முடியலன்னா இப்பவே சொல்லு, உங்க ஓனருக்கு ஒரு போன் போட்டுடறேன்."

"முடியும் சார்," என்றார் அண்ணன்.

மேனேஜர் போனதும் அண்ணன் கிணற்றுப் பக்கம் பார்த்தார். கிணற்றடிக் குழாயே விடியற்காலையில் உறைந்துதான் இருக்கும். ஏழு மணிக்கு முன் அதிலிருந்து சொட்டு வராது. ஆகவே டேங்கில் இப்போதே நிரப்பி, இரவு முழுக்க உறையாமல் காக்க வேண்டும். ஜெனரேட்டரைப் பத்து மணிக்கு அணைத்துவிடுவார்கள்; கீசர் சுட ஐந்து மணிக்கு மேல்தான் மறுபடி போடுவார்கள். காட்டோரம், சத்தம் கூடாது. கரண்ட் ஹீட்டர் உதவாது. டேங்க் பெரியது, கோணி சுற்றினால் தாங்கும்; வண்டிக்கு அடியில் ஓடும் குழாய்களை மட்டும் வடித்துவிடலாம். பயம் உள்ளே இருந்த பம்புக்கும் அதைச் சுற்றி ஓடிய குழாய்களுக்கும்தான்.

வானம் அன்றும் தெளிந்திருந்தது.

சட்டி அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. என் நினைவுக்குத்தான். அவருக்கு இல்லை.

"அண்ணே, மவளுக்கு வாங்குன சட்டி வண்டியிலதானே இருக்குது?"

அவர் என்னைப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "அடப்பாவி," என்றார். "ப்ளாஸ்டிக்கு குழாய்க்குப் பிரசவம் பாக்கச் சொல்றியா?"

சமையல்காரர்களின் அடுப்பிலிருந்து தணல் வாங்கினோம். புகை துளியும் இல்லாத, நன்றாகக் கனிந்த கரி. புகை இருந்தால்தானே ஆபத்து என்று நினைத்தேன். ஊரிலும் புகையாத தணலைப் பார்த்துத்தான் பொறுக்குவார்கள். சட்டிக்கு அடியில் நாலு செங்கல் வைத்து, பம்ப் பெட்டியின் கதவைத் திறந்துவிட்டு, எதிரே வைத்தோம். பத்து நிமிஷத்தில் உள்ளே இதமாகிவிட்டது. நாலு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக என் தோள்கள் இறங்கின.

நெருப்பை விட்டுவிட்டுப் போக முடியாது என்று அண்ணன் அங்கேயே படுத்துக்கொள்வதாகச் சொன்னார். கட்டிலில் நாங்கள் படுக்கக் கூடாது. கீழே, சட்டிக்கும் வாசல் கதவுக்கும் நடுவில், போர்வையை விரித்தார். படுப்பதற்கு முன் எழுந்து நின்று, கூரையில் இருந்த சின்னச் சன்னலின் பிடியைச் சுற்றினார். அது ஒரு சாண் திறந்தது. குளிர் உடனே உள்ளே இறங்கியது.

"எதுக்குண்ணே அது?"

"தெரியலப்பா. வூட்டுல கூரை வழியா காத்து போவும். இங்க டப்பா மாதிரி இருக்குது. கொஞ்சம் தொறந்து இருக்கட்டுமே."

"புஸ்தகத்துல சூடு வெளிய போவற வழிய அடைக்கணும்னு போட்டிருக்கு. அத தொறந்து வெச்சா தணல் வெச்சே பிரயோஜனம் இல்ல."

"அப்டியா சொல்லிக்கிது?"

"ஆமாண்ணே."

அவர் தயங்கினார். நான் கையை உயர்த்தி, பிடியைத் திருப்பி, இறுக்க மூடினேன். வெளியே வந்து கதவைச் சாத்தும்போது அவர் போர்வைக்குள்ளிருந்து, "போ, போய்த் தூங்கு டிப்ளமோ. அஞ்சு மணிக்கு வந்து தண்ணி வருதா பாரு," என்றார்.

லைட் பிரிவு ஆட்கள் தங்கியிருந்த தகரக் கொட்டகையில் போய்ப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

*

ஐந்து மணிக்குப் புல் நொறுங்கும் சத்தத்தோடு நடந்து வந்தேன். கேரவனின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. கதவைத் திறந்ததும் சூடான காற்று முகத்தில் அடித்தது. உள்ளே ஒரு வாசனையும் இல்லை.

அண்ணன் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். அவரைத் தாண்டிக் கால் வைத்துப்போய் முதலில் குழாயைத்தான் திறந்தேன்.

டக டக என்று பம்ப் ஓடியது. தண்ணீர் வந்தது. தடையில்லாமல், நல்ல வேகத்தில். குளியல் பக்கமும் திறந்தேன். அங்கேயும் வந்தது. கையை அதில் நனைத்துக்கொண்டே திரும்பி, "அண்ணே, வருதுண்ணே!" என்றேன்.

அவர் அசையவில்லை. டார்ச்சை முகத்தில் அடித்தேன். கன்னங்கள் சிவந்து, உதடு சிவந்து, நல்ல ஆரோக்கியமாக இருப்பவர் மாதிரி இருந்தார். கறுத்த மனுஷர். அந்த நிறத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை. வாயோரம் வாந்தி காய்ந்திருந்தது. ஒரு கை கதவை நோக்கி நீண்டிருந்தது. கதவுக்கும் விரலுக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை.

அந்த ஒரு நொடியில், எங்கிருந்தோ, என் பள்ளிக்கூடத்து வரி ஒன்று வந்து நின்றது. நிறமற்றது, மணமற்றது, நச்சுத்தன்மை கொண்டது. கரி குறைந்த காற்றில் எரியும்போது உண்டாவது. ஐந்து மதிப்பெண் கேள்வி. முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். அந்த வரியையும் அந்தச் சட்டியையும் என் வாழ்க்கையில் நான் ஒருமுறைகூடப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. ஒன்று பரீட்சைக்கு. இன்னொன்று வீட்டுக்கு.

அவரைக் கைக்கு அடியில் பிடித்து வெளியே இழுத்தேன். என் தலையும் கனத்தது. கத்தினேன். ஆட்கள் ஓடிவந்தார்கள். உறைந்த புல்லில் அவரைக் கிடத்தியபோது மூச்சு இருந்தது; இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு. ஜீப்பில் ஏற்றினோம். வளைவு வளைவாக இறங்கும்போது அவர் தலை என் தொடையில் உருண்டது. ஒவ்வொரு வளைவிலும் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன்.

கிளம்பும்போது கேரவனுக்குள் குழாயை நான் மூடவில்லை. தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

*

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இளம் டாக்டர் ஒருவர் என்னிடம், "ரூம்ல கரி எரிஞ்சிதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சன்னல் எல்லாம் மூடியா?" ஆமாம் என்றேன். யார் மூடியது என்று அவர் கேட்கவில்லை. இன்னும் அரை மணி போயிருந்தால் நீங்கள் கூட்டி வந்திருக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம் அண்ணன் கண் விழித்தார். முதலில் கேட்டது, "தண்ணி வந்திச்சா?"

"வந்திச்சிண்ணே."

கண்ணை மூடிக்கொண்டார்.

மேனேஜர் வாசலில் நின்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "பட்டிக்காட்டான் சார், கேரவன்குள்ள அடுப்பு மூட்டிட்டுத் தூங்கியிருக்கான். அந்தப் படிச்ச பையன் மட்டும் காலையில போய்ப் பாக்கலன்னா காலி." என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டிச் சிரித்தார். நானும் லேசாகச் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் முகத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது போல இருக்கிறது.

ஊருக்குள் அதே கதைதான் முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. டிரைவர் தணல் வைத்துக்கொண்டு தூங்கினார், டிப்ளமோ காப்பாற்றினான். அண்ணி, அவருடைய மனைவி, என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அண்ணனுக்கு அந்த இரவு நினைவில் இல்லை. அந்த இரவு மட்டுமில்லை. ஏம்பலத்திலிருந்து வில்லியனூருக்கு வரும் வழியில் ஒரு திருப்பத்தில் நின்று எந்தப் பக்கம் என்று யோசிக்கிறவராக ஆகியிருந்தார். சரியாக ஆகலாம், நாளாகும் என்றார்கள். வண்டிச் சாவியை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார்.

அவருடைய பை, போர்வை, செருப்பு எல்லாவற்றையும் நான்தான் ஏம்பலத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாக்கில் சுற்றிய சட்டியையும். வழியில் வாய்க்கால் மதகருகே வண்டியை நிறுத்தி அதைக் கையில் எடுத்தேன். போட்டு உடைத்திருக்கலாம். உடைத்தால் ஏன் உடைந்தது என்று கேட்பார்கள். பிரசவத்துக்கு வாங்கியது, அபசகுனம் என்பார்கள். மறுபடி சுற்றி வைத்துவிட்டேன்.

"மலை ஏறி எறங்கியும் ஒடையாம வந்துக்கிது பாரு," என்றார் அண்ணி. கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

*

தை கடைசியில் பெண்குழந்தை பிறந்தது. வீட்டுக்குக் கூட்டி வந்த மூன்றாம் நாள் போய்ப் பார்க்கக் கிளம்பினேன். அன்று காலம் தப்பிய மழை. சாயங்காலம் நாலரை மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது.

அவர்கள் வீடு போன வருஷம் வரை கூரை வீடு. இப்போது அரசு உதவியில் கட்டிய தளம் போட்ட வீடு. அண்ணன் முன் அறையில் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா டிப்ளமோ," என்றார். பெயர் மறக்கவில்லை என்று சந்தோஷப்பட்டேன்.

"புள்ளய பாரு. உள்ள போ. செருப்ப கயட்டிட்டு போ, அவ திட்டுவா."

உள் அறையின் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். அண்ணி ஒரு விரற்கடை திறந்து, "சீக்கிரம் வா, காத்து வருது," என்று இழுத்துக்கொண்டார். உள்ளே சூடு முகத்தில் அடித்தது.

அந்தச் சூடு எனக்குத் தெரியும்.

புது அலுமினியச் சன்னல். இடுக்கில் பழந்துணி சொருகியிருந்தது. கட்டிலில் மகள், பக்கத்தில் துணிச்சுருளாகக் குழந்தை. கட்டிலுக்கு அடியில் சாம்பல் பூத்த சிவப்பு. புகை துளியும் இல்லை.

நான் போய்த் துணியைப் பிடுங்கிச் சன்னலைத் திறந்தேன். மழைக்காற்று உள்ளே வந்தது.

"டேய், இன்னா பண்ற நீ?" அண்ணி பாய்ந்து வந்தார். "பச்ச ஒடம்புக்காரிடா அவ! மூடு!"

"அண்ணி, சட்டிய வெளிய எடுங்க."

"ஒனக்கு இன்னா ஆச்சு? நான் மூணு புள்ள பெத்தேன், இதே மாதிரி சட்டி வெச்சித்தான். ஒங்கம்மா வெக்கலயா?"

"அது கூரை வூடு அண்ணி. காத்து போவும். இது டப்பா மாதிரி."

சொன்ன பிறகுதான் அது அவருடைய வார்த்தை என்று உணர்ந்தேன்.

"அவரு மலைமேல புத்தி கெட்டுப் போயி, பூட்டின வண்டிக்குள்ள வெச்சாரு. தூங்கிட்டாரு. அதுக்கு நாங்க இன்னா பண்றது?" என்றார் அண்ணி. சன்னலை இழுத்து மூடக் கை நீட்டினார். "நீ படிச்சவன், ஒனக்கு எல்லாம் பயம். நவுரு."

மகள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "தல வலிக்குதும்மா. காலையிலருந்து சொல்றேன்," என்றாள்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

"அவரு மூடல அண்ணி. நான் மூடினேன்."

அண்ணி திரும்பினார்.

"சட்டிய வெக்கச் சொன்னதும் நான். அவரு மேல சன்னல தொறந்துதான் வெச்சாரு. காத்து போவணும்னாரு. நான்தான் புஸ்தகத்துல போட்டிருக்குன்னு சொல்லி மூடினேன். காலையில போயி அவர பாக்கல. அவர தாண்டிப் போயி தண்ணி வருதான்னு பாத்தேன்."

மழை சன்னல் கட்டையில் விழுந்து தெறித்தது. டிவியின் சத்தம் நின்றிருந்தது. அண்ணன் கதவருகே வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. என்னையே பார்த்தார். பிறகு அண்ணியிடம், மிகச் சாதாரணமாக, "சட்டிய எடுத்து வெளிய வெய்யி," என்றார்.

அண்ணி கட்டிலுக்கு அடியில் குனிந்து, துணியால் சட்டியின் விளிம்பைப் பிடித்து, என்னைத் தொடாமல் தாண்டி, பின்வாசல் வழியாக எடுத்துப் போனார். தணலில் மழை விழுந்து சீறும் சத்தம் கேட்டது. குழந்தை அழத் தொடங்கியது. அந்த அழுகையைக் கேட்டதும்தான் நான் மூச்சு விட்டேன்.

வாசல்வரை அண்ணன் வந்தார். ஏதாவது கேட்பார் என்று நின்றேன். மழையைப் பார்த்தபடியே, "அந்தத் தபா சுடுதண்ணி வந்திச்சில்ல?" என்றார்.

"வந்திச்சிண்ணே."

"அப்போ சரி."

அவர் நினைவு திரும்பித்தான் கேட்டாரா, இல்லை அந்த ஒன்று மட்டும்தான் அவரிடம் மிஞ்சியிருக்கிறதா, எனக்குத் தெரியவில்லை. வண்டியை எடுத்துத் தெரு முனைக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். உள் அறையின் சன்னலில் வெளிச்சம் தெரிந்தது. அது திறந்திருக்கிறதா, கண்ணாடி வழியாகத் தெரிகிறதா என்று அங்கிருந்து சொல்ல முடியாது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் போன் செய்கிறேன். அண்ணிதான் எடுப்பார். முன் மாதிரி சாப்பிட்டியா என்று கேட்பதில்லை.

"சன்னல் தொறந்திருக்கா அண்ணி?"

"தொறந்துதான் இருக்குது," என்பார். உடனே வைத்துவிடுவார்.

நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நிற்பேன். அவர் வைப்பதற்குள் குழந்தையின் அழுகை கேட்டிருந்தால் அன்று எனக்குத் தூக்கம் வரும்.